லாரியின் சேதத்துக்குக் காப்பீடு எவ்வளவு தரும்? வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் லாரித் தொழில் செய்யும் வாசகர்கள் சிலர், சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: என் லாரிக்கு மூன்றரை வயது. தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம் சென்றபோது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னால் சென்ற வண்டியில் மோதிவிட்டது. ஒர்க்‌ஷாப் பில் நான்கு லட்சம் ரூபாய். ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தும் ஏறக்குறைய இரண்டரை லட்சம்தான் கிடைத்தது. பிரேக் பிடிக்காமல் போனதாக டிரைவர் சொன்னதால்தான் தொகையைக் குறைத்தார்களா? – பாலக்கோடு வாசகர்

பதில்: பிரேக் பற்றி டிரைவர் சொன்னது பெரும்பாலும் காரணமாக இருக்காது. தேய்ந்துபோன லைனரையோ பழுதான பிரேக் பாகத்தையோ மாற்றும் செலவை காப்பீட்டு நிறுவனம் ஏற்காது என்பது உண்மை. ஆனால் அந்தப் பழுதால் வண்டி மோதி, கேபினும் ரேடியேட்டரும் நசுங்கினால் அது விபத்துச் சேதம். அதற்கு இழப்பீடு உண்டு. வண்டியை ஓடத் தகுதியான நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்று பாலிசியிலேயே நிபந்தனை இருப்பதால், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) நடப்பில் இருப்பதும் பராமரிப்பு பில்கள் கையில் இருப்பதும் அவசியம்.

தொகை குறைந்ததற்கான காரணம் தேய்மானக் கணக்கிலும் பாலிசியில் சேராத பாகங்களிலும் இருக்கிறது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு முதல் ஆறு மாதம் கழிவு கிடையாது. ஓராண்டு வரை 5, இரண்டாம் ஆண்டில் 10, மூன்றாம் ஆண்டில் 15, நான்காம் ஆண்டில் 25, ஐந்தாம் ஆண்டில் 35 சதவீதம் என்று அது ஏறிக்கொண்டே போகும். பத்தாண்டு வரை 40, அதற்கும் மேற்பட்ட வண்டிக்கு 50 சதவீதம். கூலிக்குத் தேய்மானம் கிடையாது.

உங்கள் பில்லில் இரும்புப் பாகங்கள் 2,00,000, பிளாஸ்டிக்கும் ரப்பரும் 60,000, கண்ணாடி 20,000, கூலி 80,000, பெயின்ட் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரும்புப் பாகங்களில் பம்பரும் மட்கார்டும் மட்டும் 40,000 ரூபாய். வணிக வாகனப் பாலிசியில், வண்டி முழுவதும் அழிந்தால் ஒழிய, விளக்கு, டயர், மட்கார்டு, பானெட், பம்பர், பெயின்ட் ஆகியவை சேர்வதில்லை. ‘ஐஎம்டி 23’ என்ற கூடுதல் ஷரத்தைத் தனிப் பிரீமியம் கட்டி வாங்கினால்தான் சேரும். அது இல்லாவிட்டால், மீதமுள்ள 1,60,000 ரூபாய் இரும்புக்கு 25 சதவீதம் போக 1,20,000, பிளாஸ்டிக்குக்கு 30,000, கண்ணாடிக்கு 20,000, கூலிக்கு 80,000 ஆக 2,50,000 ரூபாய் வரும். இதிலிருந்து கட்டாயக் கழிவுத் தொகையும் (உரிமையாளரே ஏற்க வேண்டிய பங்கு) பழைய உதிரிகளின் மதிப்பும் கழியும். ஆகவே உங்கள் பாலிசியோடு இணைந்த ஷரத்துகளின் பட்டியலில் 23 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்திருந்தால் பம்பருக்கும் பெயின்ட்டுக்கும் ஒரு பகுதியாவது கிடைத்திருக்கும். இருந்தும் கழித்திருந்தால் சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்கி எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். லாரி முதலாளிகள் பலர் இந்த ஒரு ஷரத்தைப் பற்றி விபத்துக்குப் பிறகே கேள்விப்படுவது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ரெக்கவரி வண்டிச் செலவையும் கவனியுங்கள். சாதாரணப் பாலிசியில் லாரியை இழுத்துச் செல்ல 2,500 ரூபாய் வரைதான் தருவார்கள். கணவாயில் சாய்ந்த பத்துச் சக்கர வண்டியைக் கிரேன் வைத்துத் தூக்க அது எந்த மூலைக்கும் போதாது என்பதால், கூடுதல் பிரீமியம் கட்டி அந்த வரம்பை உயர்த்திக்கொள்ளலாம். தேசிய நெடுஞ்சாலையில் போக்குவரத்து நிற்கக்கூடாது என்று காவல்துறை வண்டியை விரைவில் அகற்றிவிடும். அதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தகவல் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: சேஸை (பாடி கட்டாத வண்டி) ஷோரூமில் வாங்கி, நாமக்கல்லில் பாடி கட்டினோம். ஐடிவியை, அதாவது பாலிசியில் குறிக்கும் வண்டியின் மதிப்பைக் குறைத்தால் பிரீமியம் குறையும் என்கிறார் ஏஜென்ட். குறைக்கலாமா? – காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: குறைக்க வேண்டாம். வண்டி திருடுபோனாலோ முழுவதும் அழிந்தாலோ கிடைக்கக்கூடிய உச்சத் தொகை ஐடிவிதான். தயாரிப்பாளரின் பட்டியல் விலையிலிருந்து முதல் ஆறு மாதத்துக்கு 5, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 சதவீதம் கழித்து அதைக் கணக்கிடுகிறார்கள். ஐந்தாண்டு தாண்டிய வண்டிக்கு இரு தரப்பும் பேசி முடிவு செய்யும் மதிப்பு.

ஷோரூம் விலையில் பாடி இருக்காது. சேஸ் 30 லட்சம், பாடி 6 லட்சம் என்றால், மூன்றாம் ஆண்டில் இரண்டும் சேர்ந்த ஐடிவி 25,20,000 ரூபாய். பாடியை விட்டுவிட்டால் 21,00,000 ரூபாய். பாடி கட்டிய பில்லை முறையாக வாங்கி, முதல் பாலிசி எடுக்கும்போதே கொடுத்து, அதன் மதிப்பு பாலிசியில் ஏறியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

குறைந்த ஐடிவியால் இன்னொரு தீங்கும் உண்டு. பழுதுபார்க்கும் செலவும் மீட்கும் செலவும் சேர்ந்து ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதை முழு இழப்பாகவே கணக்கிடுவார்கள். மேற்கண்ட உதாரணத்தில் சரியான ஐடிவி இருந்தால் 17 லட்சம் செலவில் வண்டி மீண்டும் சாலைக்கு வரும்; பாடியை விட்ட ஐடிவியில் 15,75,000 ரூபாயே எல்லை என்பதால் அதே சேதத்துக்கு வண்டியை விட்டுக்கொடுக்க நேரும். ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் இழப்பீட்டுப் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும். பிரீமியத்தில் மிச்சமாகும் சில ஆயிரங்களுக்காக இந்த ஆபத்தை ஏற்பது சரியல்ல.

கேள்வி: பழைய லாரி ஒன்று வாங்கி ஆர்சியை (பதிவுச் சான்று) மாற்றிவிட்டேன். இன்சூரன்ஸ் பழைய முதலாளி பெயரிலேயே இருக்கிறது. பாலிசி முடிய ஏழு மாதம் இருப்பதால் அப்படியே விடலாமா? – அரூர் வாசகர்

பதில்: இன்றே மாற்றுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 157ஆம் பிரிவின்படி வண்டி கைமாறினால், மூன்றாம் நபருக்கான (வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான) காப்பீடு தானாகவே புதிய உரிமையாளருக்கு வந்துசேரும். சொந்தச் சேதக் காப்பீடு அப்படி வருவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் மாற்ற 14 நாள் அவகாசம் உண்டு. அது கடந்திருந்தாலும் விண்ணப்பித்து, மாற்றிய ஒப்புதலை எழுத்தில் பெற்ற பிறகே வண்டியைச் சாலையில் இறக்குவது நல்லது. பழைய முதலாளியின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவருக்கே உரியது என்பதால் நீங்கள் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: கிரானைட் கல் ஏற்றும் வண்டியில் அளவுக்கு மேல் டன் இருந்தால் கிளைம் முழுவதும் போய்விடுமா? டிரைவரிடம் எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ்தான் இருக்கிறது. – பர்கூர் வாசகர்

பதில்: அதிக பாரத்தால் சேஸ் வளைந்தாலோ ஆக்சில் முறிந்தாலோ இழப்பீடு கிடையாது, பாலிசி அதை நேரடியாகவே விலக்குகிறது. விபத்துக்கு வேறு காரணம் இருந்து, பாரமும் கூடுதலாக இருந்தால், முழுவதும் மறுப்பது நியாயமாகாது. அனுமதிக்கு மேல் ஆட்களை ஏற்றிய சரக்கு வண்டி தொடர்பான வழக்கில், அந்த மீறல் விபத்துக்குக் காரணமாகாதபோது கிளைமை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் கூறியது. நிபந்தனை மீறிய வழக்குகளில் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை தரும் வழக்கத்தை 2010இல் அதே நீதிமன்றம் ஏற்றது. அப்போதும் நான்கில் ஒரு பங்கு உங்கள் தலையில்தான் விழும்.

லைசென்ஸ் விஷயத்தில், எல்எம்வி உரிமம் உள்ளவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. கிரானைட் கல் ஏற்றும் உங்கள் வண்டிக்கு அது பொருந்தாது. கனரக வாகன உரிமம் இல்லாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். கிளைம் மட்டுமல்ல, அவருடைய உயிரும் இதில் அடங்கியிருக்கிறது.

கேள்வி: லாரி கவிழ்ந்து, ஏற்றிச் சென்ற மாங்காயும் பாழானது. அதையும் லாரி பாலிசியில் கேட்கலாமா? கிளைமை மறுத்தால் யாரிடம் முறையிடுவது? – கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: சரக்குக்கு லாரி பாலிசியில் இடமில்லை, அதற்குத் தனியாகச் சரக்குக் காப்பீடு எடுக்க வேண்டும்.

மறுப்புக் கடிதத்தைக் காரணத்தோடு எழுத்தில் வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் இழப்பீடு வழங்க உத்தரவிட முடியும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.