சூத்திரத்தால் உருவாகும் கோள்களுக்குப் பறந்து போய் ஆராயும் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ வீடியோ விளையாட்டை இப்போதே முன்பதிவு செய்யலாமா, வெளிவந்த பிறகு வாங்கலாமா?

வெளிவந்த பிறகு வாங்குங்கள். (2016 ஜூலையில், விளையாட்டு வெளிவரும் முன் எழுதிய பதில் இது.)

இப்படிச் சொல்வதால் நான் அந்த விளையாட்டின் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். 2013 டிசம்பரில் முதல் டிரெய்லர் வந்த நாளிலிருந்து காத்திருப்பவர்களில் நானும் ஒருவன். முதலிலேயே இதைச் சொல்லக் காரணம் உண்டு. இதைப் பற்றிச் சின்னதாக ஒரு சந்தேகம் கிளப்பினாலும் போதும், ‘பொறாமை’, ‘வயிற்றெரிச்சல்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 2016 மே மாதம் வெளியீடு ஜூன் 21-இலிருந்து ஆகஸ்ட் 9-க்குத் தள்ளிப்போனது. அந்தத் தகவலை வெளியிட்ட பத்திரிகையாளருக்குக் கொலை மிரட்டல். விளையாட்டை உருவாக்கும் ஷான் மரேவுக்கும் கொலை மிரட்டல். ஏழே ஏழு வாரத் தாமதத்துக்கு! எனவே நான் கொஞ்சம் தற்காப்போடு எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், பணத்தை ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டு, யாராவது ‘ம், வாங்கு’ என்று தலையாட்டுவதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. விலை 60 டாலர். நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளுக்கு என்ன விலையோ, அதே விலை. தலையாட்டும் முன் சில விஷயங்களைப் பேச வேண்டும்.

வாயைத் திறந்தால் எல்லோரும் சொல்வது அந்த எண்ணைத்தான்: 18,446,744,073,709,551,616 கோள்கள். நம் கணக்கில் ஏறத்தாழ 1,84,467 கோடி கோடி. கோளுக்கு ஒரு விநாடி என்று பார்த்தாலும் முடிக்க 58,500 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். கேட்கும்போது புல்லரிக்கத்தான் செய்கிறது. ஆனால் புரோகிராம் எழுதிப் பிழைப்பவர்களுக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அது இரண்டின் 64-ஆவது அடுக்கு. 64 பிட் நீளமுள்ள எண் ஒன்றுக்கு எத்தனை மதிப்புகள் இருக்க முடியுமோ அத்தனை கோள்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட எண் ஒன்றை ‘விதை’யாக, அதாவது தொடக்க எண்ணாகக் கொடுத்தால், சூத்திரம் ஒரு கோளைக் கணக்கிட்டுத் தரும். அதே விதையைக் கொடுத்தால், யார் எப்போது போனாலும் அதே மலை, அதே கடற்கரை. எதையும் சேமித்து வைப்பதில்லை. நாம் நெருங்கும்போது உருவாகிறது, விலகியதும் நினைவகத்திலிருந்து போய்விடுகிறது.

ஆகவே அந்தப் பிரம்மாண்டமான எண் விதையின் நீளத்தைத்தான் சொல்கிறது. உழைப்பையோ வகைவகையான அனுபவத்தையோ அல்ல. என் பழைய மடிக்கணினியிலும் இத்தனை கோள்களை உருவாக்க முடியும். உருவாக்கியும் இருக்கிறேன். உண்மையில் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், வேலை முடிந்த இரவுகளில் கோள்களை உருவாக்கும் புரோகிராம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். கென் பெர்லின் 1985-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட ‘நாய்ஸ்’ முறைதான் அடித்தளம். தாறுமாறான எண்களை எடுத்து, அடுத்தடுத்த மதிப்புகள் திடீரென்று தாவாதபடி வழுவழுப்பாக இணைத்துவிட்டால் மேடுபள்ளம் கிடைத்துவிடும். அகலமான அலைகளாக ஓர் அடுக்கு போட்டால் கண்டங்கள் வரும். அதன் மேல் குறுகிய அலைகளைக் கூட்டினால் மலைகள், இன்னும் குறுகியவற்றைக் கூட்டினால் பாறைகள். குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் நீலம் பூசினால் கடல். முதல் கோள் திரையில் சுழன்ற இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரும் வரையாத ஒரு கடற்கரை என் முன்னால் இருந்தது. அதை உலகத்தில் முதன்முதலாகப் பார்ப்பவன் நான்!

அந்தப் போதை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அதற்குப் பிறகு, ஒரு கோள் முழுதாகத் திரையில் வருவதற்குள் கை அடுத்த விதையைத் தட்டிவிடும். ஊதா மலை, பச்சை மலை, காவி மலை, எல்லாம் ஒரே மலை. ஒவ்வொரு கடற்கரையும் வேறுதான், ஆனால் அதைத் தாண்டிப் போனால் என்ன இருக்கும் என்பது போகாமலே தெரிந்தது. ‘ஸ்போர்’ விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேட் காம்ப்டன் இந்தச் சிக்கலுக்கு ஓர் உவமை சொல்கிறார்: பத்தாயிரம் கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி. எந்த இரண்டு கிண்ணத்திலும் தானியங்கள் ஒரே மாதிரி கிடப்பதில்லை. கணிதப்படி ஒவ்வொரு கிண்ணமும் தனி. சாப்பிட உட்கார்ந்தவருக்கு எல்லாம் கஞ்சிதான்.

அத்தனை கோள்களில் ஒன்றே ஒன்றுதான் இன்றும் என் நினைவில் நிற்கிறது. விதை 4471. மலைச்சரிவின் பாதியில் ஓர் ஏரி சாய்வாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழ்விளிம்பு கண்ணாடியை அறுத்தது போல நேராக நின்றது. அதற்கு அடியில் ஒரு சொட்டு ஈரமில்லாத மணல். செங்குத்தான சரிவுகளில் நீர்மட்டத்தைக் கணக்கிடும் வரியில் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி இருந்ததன் விளைவு அது. உடன் வேலை பார்க்கும் ஒருவரிடம் காட்டியபோது, “இந்த ஒன்றை மட்டும் கை வைக்காமல் விட்டுவிடுங்கள்” என்றார். விட முடியவில்லை. மற்ற கோள்களிலெல்லாம் கடல்நீர் பாறையில் ஏறி நின்றது. குறியைச் சரிசெய்தேன், போகிறபோக்கில் எண்களை எடுக்கும் வரிசையையும் மாற்றினேன். மறுபடியும் 4471-ஐக் கொடுத்தால் ஏரியும் இல்லை, அந்த மலையும் இல்லை. வெறும் பாலைவனம்.

இதனால் என் சந்தேகம் கொஞ்சம் வேறு மாதிரியானது. இத்தகைய பிரபஞ்சத்தில் ‘இடம்’ என்று ஒன்று கிடையாது, சூத்திரம்தான் இருக்கிறது. சூத்திரத்தில் ஒரு வரி மாறினால் அத்தனை கோள்களும் ஒரே நேரத்தில் வேறாகிவிடும். நாம் கண்டுபிடிக்கும் கோள்களுக்கும் உயிரினங்களுக்கும் நாமே பெயர் வைக்கலாம், அந்தப் பெயர் மற்றவர்களுக்கும் தெரியும் என்கிறார்கள். அருமை. நாளைக்கு ஒரு பெரிய அப்டேட் வந்து நிலப்பரப்புச் சூத்திரத்தைத் திருத்தினால், நான் பெயர் வைத்த கடற்கரை என்ன ஆகும்? நான் படித்த பேட்டிகள் எதிலும் இதை யாரும் கேட்கவில்லை.

பெயர் வைப்பது என்றதும் ஒரு பழைய எரிச்சல் கிளம்புகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பு ஒரு விளையாட்டில் என் கப்பலுக்குத் தமிழில் பெயர் வைத்தேன். ‘தென்றல்’ என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், ‘த’ ஒரு பக்கம், புள்ளி காற்றில் தனியாக மிதக்கிறது. சேமித்துவிட்டுத் திரும்ப வந்து பார்த்தால் வரிசையாகக் காலிக் கட்டங்கள். நிறுவனத்துக்கு எழுதினேன். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது’ என்று இயந்திரம் எழுதிய பதில் ஒன்று வந்தது, அதோடு சரி. கோடிகோடியாக உலகங்களைப் படைக்கத் தெரிந்த துறைக்கு ஒரு கொம்பை எழுத்தோடு சேர்த்து வரையத் தெரியவில்லை. சரி, விடுங்கள்.

‘நீ வீட்டில் உட்கார்ந்து எழுதியதும், ‘நோ மேன்ஸ் ஸ்கை’யை உருவாக்கும் மரேயின் ஹலோ கேம்ஸ் நிறுவனம் செய்வதும் ஒன்றா?’ என்று இந்நேரம் யாராவது தட்டச்சு செய்துகொண்டிருப்பீர்கள். ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் உயிரினங்களின் உடலுறுப்புகளைக் கலைஞர்களை வைத்து வடிவமைத்து, அவற்றைச் சூத்திரத்தால் நீட்டியும் குறுக்கியும் கோக்கிறார்கள். கோள்களுக்குத் தானியங்கி ஆய்வுக்கலங்களை அனுப்பிப் படம் பிடித்துவரச் செய்து சோதிக்கிறார்கள். இதெல்லாம் என் கைக்கு எட்டாத வேலை. இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் இருக்கும் சின்னஞ்சிறு குழு அது. இதற்கு முன் பெயர் வாங்கித் தந்தது ‘ஜோ டேஞ்சர்’ என்னும் மோட்டார் சைக்கிள் சாகச விளையாட்டு. 2013 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வெள்ளம் புகுந்து அலுவலகமே நாசமானது. ‘ஸ்கை’ என்ற சொல்லுக்காக ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தோடு நடந்த சட்டச் சிக்கல் 2016 ஜூனில்தான் தீர்ந்தது. இத்தனையையும் தாண்டி வந்தவர்கள் மேல் எனக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் மதிப்பு வேறு, 60 டாலர் வேறு.

இன்னொன்று. இந்த எண் மயக்கம் புதிதும் அல்ல. 1984-இல் டேவிட் பிரேபென், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ‘எலைட்’ விளையாட்டை எழுதினார்கள். 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில், இதே போல விதையிலிருந்து விண்மீன் மண்டலங்களை உருவாக்கினார்கள். அவர்கள் முதலில் நினைத்தது இரண்டின் 48-ஆவது அடுக்கு அளவு விண்மீன் திரள்கள், அதாவது 281 லட்சம் கோடிக்கு மேல். வெளியீட்டாளரான ஏகார்ன்சாஃப்ட் அதைத் தடுத்தது. அவ்வளவு கொடுத்தால் எல்லாம் அர்த்தமற்ற எண் விளையாட்டு என்பது ஆடுகிறவருக்குப் புரிந்துவிடும் என்பது அவர்கள் கவலை. கடைசியில் திரளுக்கு 256 விண்மீன்கள் வீதம் எட்டே திரள்களோடு வெளிவந்தது. எனக்குத் தெரிந்து, போதவில்லை என்று யாரும் அழவில்லை. ஏனென்றால் அங்கே ஒரு கோளுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு ஆடுகிறவரின் பணப்பையைத் தொட்டது: இங்கே மலிவாக வாங்கி அங்கே விற்க வேண்டும், வழியில் கொள்ளையரிடம் தப்ப வேண்டும், சம்பாதித்ததில் கப்பலுக்கு நல்ல ஆயுதம் பூட்ட வேண்டும். போவதற்குக் காரணம் இருந்தது.

‘நோ மேன்ஸ் ஸ்கை’யிலும் வணிகம், சண்டை, பிழைத்திருத்தல், ஆராய்தல் எல்லாம் உண்டு, திரளின் மையத்தை நோக்கிப் போக வேண்டும் என்கிறார்கள். நல்லது. ஆனால் டிரெய்லர்களில் நான் திரும்பத்திரும்பப் பார்ப்பது ஒன்றுதான்: ஒருவர் இறங்குகிறார், உயரமான புல்லில் நடக்கிறார், ஒரு பெரிய விலங்கைப் பார்க்கிறார், கலத்தில் ஏறிப் பறந்துவிடுகிறார். 2014-இல் சோனி மேடையில் காட்டிய அந்தக் காட்டை நினைத்துப் பாருங்கள். காண்டாமிருகம் போன்ற ஒன்று மரங்களை முட்டிச் சாய்த்துக்கொண்டு ஓடும். அது விதை தானாகக் கொடுத்த கோளா, மேடைக்காகக் கையால் ஒழுங்குபடுத்திய கோளா? மோசடி என்று சொல்லவில்லை, தயவுசெய்து வார்த்தையைத் திரிக்காதீர்கள். நண்பர்களுக்குக் காட்டும்போது நானும் நல்ல விதைகளை மட்டும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டுதான் காட்டுவேன். காட்சிக்கு வைப்பவர் எவரும் அப்படித்தான் செய்வார். விலை கொடுப்பவருக்கு அந்தத் தாள் கிடைக்காது என்பதுதான் விஷயம்.

மற்ற ஆட்டக்காரர்களைச் சந்திக்க முடியுமா என்று கேட்டால், முடியும், ஆனால் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று மரே சொல்லிவருகிறார். இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே கோளின் ஒரே பாறைக்குப் போய் நின்றால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்களா என்பதற்கு நேரான பதில் இல்லை. நண்பரோடு சேர்ந்து ஆடலாம் என்ற நினைப்பில் வாங்குகிறீர்கள் என்றால் இந்த ஒரு காரணமே காத்திருக்கப் போதும்.

முன்பதிவு செய்தால் சிறப்பு விண்கலம் கிடைக்கிறதே என்பீர்கள். கலத்தைப் படிப்படியாகத் தேடிச் சம்பாதிப்பதுதான் ஆட்டத்தின் பாதிச் சுவை. அதை முதல் நாளிலேயே இனாமாக வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகும் சரக்கும் அல்ல.

நான் ஆகஸ்ட் இரண்டாவது வாரத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். சிரிக்காதீர்கள், முதல் இரண்டு நாள் பிறர் ஆடுவதைப் பார்க்கத்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதல் கோளில் இறங்கி வாயைப் பிளப்பவரின் வீடியோவைப் பார்க்காதீர்கள், முதல் கோளில் எல்லோரும் வாயைப் பிளப்போம். இருபது மணி நேரம் ஆடிவிட்ட ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் புதுக் கோள் ஒன்றில் இறங்கியதும் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். கலத்தை விட்டு அந்த மலைக்கு அந்தப் பக்கம் நடந்து போய்ப் பார்க்கிறார் என்றால் வாங்கிவிடுங்கள். தேவையான தாதுவை வெட்டிக்கொண்டு உடனே கிளம்புகிறார் என்றால், விலை குறையும் வரை பொறுங்கள்.