புது மாடலுக்காகக் காத்திருக்கலாமா?
பேட்டரி உப்பி பின்மூடியே தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஆனாலும் மேடையில் காட்டிய புது மாடல் வரட்டும் என்று பொறுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த போனை சார்ஜில் போடுவதை நிறுத்துங்கள், தீப்பிடிக்கக்கூடிய சமாச்சாரம் அது. அப்புறம், மேடையில் காட்டுவது வேறு, கடைக்கு வருவது வேறு. ஆப்பிள் 2017 செப்டம்பரில் ஏர்பவர் என்றொரு சார்ஜிங் பலகையைக் காட்டி, மூன்று சாதனங்களை ஒன்றாக வைத்தால் சார்ஜ் ஏறும், 2018-இல் வரும் என்றது. 2019 மார்ச்சில் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. 2024 ஜூனில் காட்டிய புதிய ‘சிரி’ (Siri) என்ற ஐபோனின் குரல்வழி உதவியாளரும் அப்படித்தான்: அதை விளம்பரப்படுத்தி ஐபோன் 16-ஐ விற்றார்கள், 2025 மார்ச்சில் தாமதமாகும் என்று சொல்லி அந்த விளம்பரத்தையே எடுத்துவிட்டார்கள். விலைகூடச் சொல்லாத பொருளை நம்பி உட்காராதீர்கள். கடையில் பேட்டரியை மாற்றிக்கொண்டு, புது மாடல் உண்மையிலேயே விற்பனைக்கு வந்த பிறகு யோசியுங்கள்.