கடலுக்குப் போகாத தண்ணீர்

அன்புள்ள ஐயா,

செப்டம்பரில் நானும் மனைவியும் பெரு போகிறோம். மச்சு பிச்சு பார்த்த பிறகு ஆறு நாள் மிஞ்சுகிறது. பக்கத்தில்தான் பொலிவியா. பயண முகவர் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்: டிடிகாகா ஏரி, லா பாஸ் கேபிள் கார், பொட்டோசி வெள்ளிச் சுரங்கம், மலைச்சரிவில் சைக்கிள், கடைசியாக வானம் பிரதிபலிக்கும் உப்பு வெளி. கூடவே ஆட்கள் மேகத்தின் மேல் நடப்பதுபோல் ஒரு படம். மனைவியோ, "கடலே இல்லாத நாட்டுக்கு உப்பைப் பார்க்கவா போவார்கள்?" என்கிறாள். நீங்கள் போய்வந்தவர். என்ன சொல்கிறீர்கள்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

முதலில் அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். உயூனி உப்பு வெளியில் வானம் தெரிவது மழைத்தண்ணீர் மெல்லிசாகத் தேங்கி நிற்கும் ஜனவரி முதல் மார்ச் வரை. செப்டம்பரில் தரை காய்ந்து கிடக்கும். முகவர் மாதத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான். நீங்கள் ஒன்றும் இழக்கவில்லை. தண்ணீர் நிற்கும்போது நடுவிலுள்ள இன்காவாசி தீவுக்குப் பெரும்பாலும் வண்டி போகாது. உங்களுக்குப் போகும்.

உங்கள் மனைவி கேட்டது நல்ல கேள்வி. கடலுக்கு வழி இல்லாததால்தான் அங்கே உப்பு. 3,812 மீட்டர் உயரத்திலிருக்கும் டிடிகாகாவுக்குள் பல ஆறுகள் வருகின்றன, வெளியே போவது ஒன்றே ஒன்று. அதன் பெயர் தெசாகுவாதேரோ. ஸ்பானிஷில் வடிகால் என்று பொருள். பேருக்குத்தான் வடிகால். ஏரி இழக்கும் நீரில் பத்தில் ஒரு பங்குகூட அதில் போவதில்லை, மீதியை வெயிலும் காற்றும் குடித்துவிடுகின்றன. அந்தக் கொஞ்சமும் தெற்கே போப்போ ஏரியில் போய் முடிகிறது. இரண்டு பக்கமும் ஆண்டிஸ் மலை, அதற்குமேல் தண்ணீர் எங்கே போகும்? போப்போ நாட்டின் இரண்டாவது பெரிய ஏரியாக இருந்தது. 2015 டிசம்பரில் வற்றிவிட்டதாக அறிவித்தார்கள். மழை பொய்த்தது ஒரு காரணம், வழியிலேயே பாசனத்துக்கும் சுரங்கத்துக்கும் தண்ணீரைத் திருப்பிக்கொண்டது இன்னொரு காரணம். அங்கே மீன்பிடித்து வாழ்ந்த உரு மக்களில் பலர் சுரங்கத்துக்கும் உப்பளத்துக்கும் கூலிக்குப் போனார்கள்.

உயூனி இதே கதையின் பழைய அத்தியாயம். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வற்றிப்போன பெரிய ஏரிகள் விட்டுச்சென்ற உப்பு, பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். இன்காவாசியில் ஏறும்போது பாறைகளைத் தொட்டுப் பாருங்கள். பவழப்பாறை போலவே சொரசொரப்பாக இருக்கும். பவழம் இல்லை, அந்த ஏரியில் பாசி கட்டிய சுண்ணாம்பு ஓடு. நீங்கள் நிற்கும் இடம் ஒரு காலத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்தது. அங்குள்ள கள்ளிகள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் என்பார்கள். பத்து மீட்டர் கள்ளியும் உண்டு, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓரத்திலிருக்கும் கொல்சானி கிராமத்தை வண்டிக்காரர்கள் கடைத்தெருவாக்கிப் பத்து நிமிஷத்தில் கிளப்பப் பார்ப்பார்கள். விடாதீர்கள். உப்பைக் குவித்துக் காயவைத்து, அரைத்து, அயோடின் சேர்த்துப் பொட்டலம் போடுகிறார்கள். ஒரு அம்மாள் பொட்டலத்தின் வாயைச் சின்ன காஸ் சுடரில் காட்டிக்காட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பேச்சு என்னோடு, பார்வையும் என் மேல், கை மட்டும் தானாக ஓடியது. வெளியே வெட்டி அடுக்கியிருந்த உப்புப் பாளங்களின் பக்கவாட்டில் பழுப்புக் கோடுகள், வெள்ளம் வற்றும்போதெல்லாம் படிந்த மண். நான் வாங்கிவந்த பொட்டலம் வீட்டில் கட்டிதட்டிப் போயிற்று, அது வேறு விஷயம்.

சரி, ஆறு நாள். மச்சு பிச்சுவுக்காக மலைமேலுள்ள குஸ்கோவில் இருந்துவிட்டு வருவதால் உயரம் ஓரளவு பழகியிருக்கும். தரைவழியாகப் பெருவின் ஏரிக்கரை ஊரான புனோ, அப்புறம் எல்லை தாண்டிப் பொலிவியாவின் ஏரிக்கரை ஊரான கோபகபானா. அங்கே ஒரு நாளை டிடிகாகாவுக்குக் கொடுங்கள். லா பாஸ் போகும் வழியில், ஏரி குறுகும் திக்கினா நீரிணையில் உங்களை இறக்கிப் படகில் ஏற்றுவார்கள். பஸ் தனியாக ஒரு மரத்தெப்பத்தில் ஆடி ஆடி வரும். கரையில் கடற்படைச் சீருடைக்காரர்கள் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். 1879-இல் தொடங்கிய போரில் கடற்கரையைச் சிலியிடம் இழந்த நாடு, இன்றும் கடற்படை வைத்திருக்கிறது. மார்ச் 23-இல் கடல் தினமும் கொண்டாடுகிறது.

லா பாஸில் ஒரு நாள் போதும். கேபிள் காரில், மேலே மேட்டிலிருக்கும் எல் ஆல்ட்டோ நகருக்கு ஏறி இறங்குங்கள். ஊருக்கு அடியில் ஓடும் சோக்கேயாப்பு ஆறு கிட்டத்தட்ட சாக்கடைதான். ஆனால் அது கிழக்கே இறங்கி அமேசானில் கலந்து அட்லாண்டிக் வரை போய்விடுகிறது. டிடிகாகாவுக்குக் கிடைக்காத வழி சாக்கடைக்குக் கிடைத்திருக்கிறது.

பொட்டோசியை விட்டுவிடுங்கள். அந்தச் சுரங்கத்தில் இன்றும் ஆட்கள் தூசியில் வேலை செய்கிறார்கள். அவர்கள் நடுவே தொப்பி மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போக எனக்கு மனம் வரவில்லை. சைக்கிள் உங்கள் முழங்காலைப் பொறுத்தது. மிச்ச நாள் மொத்தமும் உயூனிக்கு.

செப்டம்பரிலும் அங்கே ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் உப்பில் கால் வைக்காதீர்கள். சன்ஸ்கிரீனை மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் பூசுங்கள், வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். நான் பூசவில்லை. மூக்குத் துவாரத்தோரம் தோல் உரிந்து ஒரு வாரம் தும்மக்கூடப் பயந்துகொண்டிருந்தேன்.