அலுவலகத்தில் கேட்டீர்கள், அம்மாவிடம் கேட்டீர்களா?

கேள்வி: எனக்குத் தமிழ், கணவருக்கு ஸ்பானிஷ், வசிப்பது ஜெர்மன் பேசும் ஊரில். மகள் பிறக்கப் போகிறாள். மூன்று மொழியிலும் சரியாக ஒலிக்கும் பெயர் வேண்டும். ஒரு பட்டியல் போட்டு, அலுவலக நண்பர்களை வாசிக்கச் சொல்லி, அவர்கள் தடுமாறியதையெல்லாம் அடித்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. அவர் எப்படியும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடப் போகிறார். மிச்சமிருக்கும் எந்தப் பெயரும் மனசில் ஒட்டவில்லை. என்ன செய்ய?

பதில்: பட்டியல் வேலை சின்ன வேலைதான், முதலில் அதை முடித்துவிடுவோம். மாலா வேண்டாம், ஸ்பானிஷில் ‘கெட்டவள்’ என்றாகிவிடும். மீரா என்று கூப்பிட்டால் அவர்கள் காதில் ‘இங்கே பார்’ என்று விழும்; அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஜனனிக்கு ‘ஜே’ போட்டால் ஜெர்மன்காரர் யனனி என்பார், ஸ்பானிஷ்காரர் ஹனனி என்பார். மாயா, அனிதா, நிலா சிக்கலில்லாதவை. அனிதாவை ஸ்பானிஷ்காரர்கள் தங்கள் பெயராகவே நினைப்பார்கள்.

இதில் பாதி உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்புறம் ஏன் ஒட்டவில்லை?

‘எப்படியும் பாப்பா என்றுதான் கூப்பிடப் போகிறார்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பெயரையே சொல்லாவிட்டால் அவர் வேறு எப்படிக் கூப்பிடுவார்? பக்கத்து மேசைக்காரர் நாளைக்கே வேறு வேலைக்குப் போய்விடலாம். அவர் நாக்குக்குப் பயந்து பெயர்களை அடித்தீர்கள். பேத்தியின் பெயரை ஆயுசுக்கும் சொல்லப் போகிறவருக்குப் பட்டியலைக் காட்டக்கூட இல்லை. இப்படி வருகிற கடிதங்களில் எல்லாம் இதே கதைதான்: ஊரார் வாய்க்குப் பெயர் தேடுகிறார்கள், வீட்டார் வாயை மறந்துவிடுகிறார்கள். முடிவு உங்கள் இருவருடையது, சரி. பெரியவர்களைக் கேட்பது கடமை. இதில் நான் பழைய ஆள்தான்.

இன்றே அம்மாவுக்குப் போன் போடுங்கள். பட்டியலை வாசிக்காதீர்கள். “நீ என்ன பேரும்மா நினைச்சு வச்சிருக்கே?” என்று கேளுங்கள். மாமியாரிடம் உங்கள் கணவர் கேட்கட்டும். ஒருவர் சொன்ன பெயரை மற்றவரைச் சொல்ல வைத்துப் பாருங்கள்; நீங்கள் வைக்க வேண்டிய சோதனை அதுதான்.

அம்மா யாழினி என்றாலும் பயந்து அடித்துவிடாதீர்கள். வெளியே யாலினி என்பார்கள், சொல்லட்டும். தமிழர்களிலேயே பலருக்கு ழ வருவதில்லை. எழுத்தில் மட்டும் கவனம்: ழவுக்கு ‘இசட் எச்’ போட்டால் ஜெர்மன்காரர் ‘ட்ஸ்’ என்று படிப்பார். ஒற்றை ‘எல்’ போதும். பிறப்புச் சான்றிதழில் போடுகிற எழுத்தே பாஸ்போர்ட்டுக்கும் போகும் என்பதால், பிரசவத்துக்கு முன்பே அதை முடிவு செய்துவிடுங்கள்.