எழுத்தாணியின் தட்டை முனை

அன்புள்ள ஐயா,

ரோமானியத் தத்துவஞானி செனகாவின் கடிதங்களைப் பாதிவரை படித்திருக்கிறேன். அடுத்து மார்கஸ் அரேலியஸா, சிசரோவா? நானும் கட்டுரைகள் எழுதுகிறேன். நேரமில்லாததால் காலை நடையில் கைபேசியிடம் பேசுவேன். அது எழுத்தாக்கித் தருவதை அப்படியே வெளியிடுவேன். வேகம் வந்துவிட்டது, தரம் வரவில்லை. ரோமானியர்கள் இதற்கு ஏதாவது சொல்லியிருக்கிறார்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் செனகாவை முடியுங்கள். எங்கும் இருப்பவன் எங்குமே இல்லை என்று இரண்டாம் கடிதத்திலேயே சொல்லிவிட்டார். பாதியில் விட்டுத் தாவுவதற்கு என்னிடம் அனுமதி கேட்காதீர்கள்.

அதென்ன, ‘அப்படியே வெளியிடுவேன்’? யார் கழுத்தைப் பிடிக்கிறார்கள்?

உங்களுக்கு வேண்டியவர் குவின்டிலியன். முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை கற்பித்தவர். அவருடைய 12 பாகப் பெருநூலில் பத்தாம் பாகத்தை எடுங்கள். ஒருவரிடம் சொல்லி எழுதவைக்கும் வழக்கத்தை அங்கே போட்டுத் தாக்குகிறார். எழுதுகிறவர் மந்தம் என்றால் நம் சிந்தனை தடைபடும். வேகமானவர் என்றால் நின்று யோசிக்கவே கூச்சமாக இருக்கும். வாயில் வந்ததெல்லாம் கொட்டும். உங்கள் கைபேசி இந்த இரண்டாம் ரகம். தோப்பிலும் வெளியிலும் போய் எழுதுவதையும் அவர் ஏற்கவில்லை, இனிமையான சூழல் கவனத்தைப் பிடுங்கிக்கொள்ளும் என்பதால்.

அவர் கைகாட்டுவது மெழுகுப் பலகையை. மரச்சட்டத்தின் பள்ளத்தில் மெழுகு ஊற்றியிருக்கும். எழுத்தாணியின் ஒரு முனை கூர், மறுமுனை தட்டை. தட்டை முனையால் தேய்த்தால் எழுத்து போய்விடும். எழுத்தாணியை அடிக்கடித் திருப்பு என்று ரோமானியக் கவிஞர் ஹொராஸ் சொன்னது இதைத்தான். கண் மங்கியவர்களுக்குத் தோல்தாள் பரவாயில்லை. ஆனால் மையில் தொட்டுத் தொட்டு எழுதுவதில் சிந்தனை அறுபடும். எதில் எழுதினாலும் எதிர்ப்பக்கத்தைக் காலியாக விடச் சொல்கிறார். இடம் நெருக்கினால் திருத்தச் சோம்பல் வரும். பலகை ரொம்ப அகலமாகவும் கூடாதாம். ஓர் இளைஞர் அகலப் பலகையில் வரிக்கணக்கு வைத்து எழுதியதால் அவருடைய உரைகள் நீண்டுகொண்டே போயின. பலமுறை சொல்லியும் திருந்தாதவர், பலகையை மாற்றியதும் சரியானார்! உங்கள் திரைக்கோ அடியே கிடையாது.

திருத்தம் என்பது சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது. முதல் இரண்டும் எளிது. உப்பிப்போன வாக்கியத்தை இறுக்குவதும், தாழ்ந்து கிடப்பதைத் தூக்குவதும் இரட்டை வேலை. அதற்கு, எழுதியதைக் கொஞ்சகாலம் போட்டுவைத்துவிட்டு, அடுத்தவர் எழுத்தைப்போல எடுத்துப் படிக்க வேண்டும்.

பயந்து மறுகோடிக்கும் ஓடிவிடாதீர்கள். ஓயாமல் திருத்தி எழுத்தை ரத்தமில்லாமல் ஆக்குகிறவர்களையும் அவர் திட்டுகிறார். யூலியஸ் செகுண்டஸ் என்ற மாணவர் முன்னுரை பிடிபடாமல் மூன்று நாளாக முகம் வாடி இருந்தார். அவருடைய உறவினர் ஃப்ளோரஸ் சிரித்துக்கொண்டே கேட்டாராம்: “உன்னால் முடிவதைவிட நன்றாகப் பேசப் பார்க்கிறாயா?”

உங்களிடம் விஷயம் இருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. அடுத்த கட்டுரையைக் கையால் எழுதி, எதிர்ப்பக்கம் காலியாக விட்டு, பத்து நாள் கழித்து எடுத்துத் திருத்தி அனுப்புங்கள். சிசரோவைப் பிறகு பார்ப்போம்.