கேஸ்ல டிரைவர் பேரு மட்டும்தான் ஏன் இருக்கு? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

அக்கா, என் தம்பி ராத்திரி பைபாஸ்ல வரும்போது லைட்டே இல்லாம நின்னுட்டு இருந்த லாரி பின்னாடி மோதி அங்கேயே போயிட்டான். எஃப்ஐஆர்ல "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" ஓட்டினான்னு எழுதியிருக்காங்க. கேட்டா, குற்றவாளியே இறந்துட்டாரும்மா, கேஸ் முடிஞ்சதுன்னு சொல்றாங்க. லாரியை அங்க நிறுத்தினவங்களை யாருமே கேக்க மாட்டாங்களா?
– ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

தங்கச்சி, உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன். அந்த ரெண்டு வார்த்தை எனக்கும் நல்லா தெரியும், எங்க சித்தப்பா பையன் கேஸ்லயும் அதேதான் எழுதியிருந்தாங்க. எங்க ஊர் பைபாஸ்ல நடு மீடியனை உடைச்சு லாரி திரும்ப ஒரு வழி விட்டிருந்தாங்க, போர்டு கிடையாது, ரிஃப்ளெக்டர் கிடையாது, லைட் கம்பத்துல பல்பு கிடையாது. அவன் போனதும் பத்தாம் நாள் காரியம் முடிச்சுட்டு வரும்போது பாக்குறோம், அந்த வழியை அடைச்சு மண்ணு நிரப்பின டிரம் நாலு, சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டி வச்சிருக்காங்க. சித்தி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் அந்த டிரம்மைத் தொட்டுப் பார்த்துட்டு "இதை முன்னாடியே வச்சிருந்தா என்னடா"ன்னு கேட்டாங்க. யாராலயும் பதில் சொல்ல முடியல. கேஸ் கட்டுல அந்த டிரம் பத்தி ஒரு வரி கிடையாது.

இந்தியாவுல 2022ல மட்டும் ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர், நம்ம தமிழ்நாட்டுல 17,884. மத்திய அரசு புள்ளிவிவரத்துல இந்த சாவுகள்ல 100க்கு 70க்கு மேல "அதிவேகம்"ங்கிற கட்டத்துலதான் போய் விழுது. வேகம் காரணமே இல்லன்னு நான் சொல்லல, வேகம் கொல்லும். ஆனா ஸ்பாட்டுக்கு வர்ற ஏட்டு எழுதுறதுதான் கடைசியில டெல்லி வரைக்கும் புள்ளிவிவரமா போகுது, அவரு கையில அளவெடுக்க டேப் கூட சரியா இருக்காது, ரோடு டிசைன் தப்பா இருக்கான்னு அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்ல. வேகம்னு எழுதிட்டா ரோடு போட்டவன், டிசைன் பண்ணவன், சுங்கம் வாங்குறவன், வண்டி செஞ்சவன், அத்தனை பேரும் அந்த ஒரு வரியில தப்பிச்சுடுறாங்க.

இப்போ உங்க விஷயம். ஆபத்தான இடத்துல வண்டியை நிறுத்திட்டுப் போறது மோட்டார் வாகனச் சட்டப்படி குத்தம். லாரிக்குப் பின்னாடி ஒளி அடிச்சா மின்னுற ஸ்டிக்கர் இருக்கணும், கார் உள்ள பூந்துடாம கீழ இரும்புத் தடுப்பு இருக்கணும், ரெண்டும் கட்டாயம். எஃப்ஐஆர்ல எழுதினதே கடைசித் தீர்ப்பு இல்ல, விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயம் தானா சாட்சியைப் பார்த்து முடிவு பண்ணும், தம்பி மேல ஒரு பங்கு தப்புன்னு வச்சாலும் மீதிப் பங்குக்கு லாரி ஓனரும் இன்சூரன்ஸும் பதில் சொல்லியாகணும். ஆறு மாசத்துக்குள்ள மனு போட்டுடுங்க, தள்ளிப் போடாதீங்க. 2022 ஏப்ரல்ல இருந்து போலீஸ் 48 மணி நேரத்துல முதல் விபத்து அறிக்கையும் 90 நாள்ல முழு அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்கணும்னு விதி இருக்கு, அதோட காப்பி கேளுங்க. நம்ம ஐஐடி மெட்ராஸ் செஞ்சு கொடுத்த விபத்து பதிவு ஆப் ஒண்ணு இருக்கு, அதுல போலீஸ் மட்டுமில்ல, ரோடு இன்ஜினியரும் இடத்தை வந்து பார்த்து எழுதணும். எழுதினாரான்னு வக்கீலை விட்டு கேக்கச் சொல்லுங்க.

ரோடு டிசைன், பராமரிப்புல தப்பு நடந்து உயிர் போனா காண்ட்ராக்டர், கன்சல்டன்ட் மேல நடவடிக்கை எடுக்க மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துல 198ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. அபராதம் எவ்வளவு தெரியுமா, அதிகபட்சம் 1 லட்சம். ஒரு உயிருக்கு. பல கோடி காண்ட்ராக்ட் எடுக்குற கம்பெனிக்கு இது ஒரு செலவாவே தெரியாது. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு சாப்பாடு இறங்கல.

நாங்க 2015ல ஒரு சின்ன கார் வாங்கினோம், ஏர்பேக் இல்லாத மாடல். அது பாதுகாப்பு இல்லன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சே வித்தாங்களா?
– ஒரு வாசகர், திருப்பூர்

தெரியும் தம்பி. 2014 ஜனவரியில குளோபல் என்கேப்-ங்கிற அமைப்பு நம்ம ஊர்ல அதிகம் விக்கிற சின்ன கார் அஞ்சை வாங்கி 64 கிலோமீட்டர் வேகத்துல மோதவிட்டுப் பார்த்துச்சு. ஆல்ட்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ, அஞ்சுக்கும் ஜீரோ ஸ்டார். ஃபிகோ மறைமலை நகர்ல செஞ்சது, ஐ10 இருங்காட்டுக்கோட்டையில செஞ்சது, ரெண்டும் நம்ம பசங்க ஷிஃப்ட் போட்டு செஞ்ச வண்டி. அதே ஐ10 ஐரோப்பாவுக்கு நம்ம சென்னை ஃபேக்டரியில இருந்தே கப்பல் ஏறிச்சு, அங்க 2008லயே ஏர்பேக்கோட டெஸ்ட் ஆகி 4 ஸ்டார் வாங்கியிருக்கு. அங்க உள்ளவனுக்கு ஏர்பேக், இங்க உள்ளவனுக்கு வெறும் ஸ்டியரிங். காரணம் சட்டம்தான், அங்க கேட்டாங்க, கொடுத்தான், இங்க கேக்கல.

2014 கடைசியில ஒரகடத்துல செஞ்ச டட்சன் கோ-ங்கிற காரையும் மோதிப் பார்த்தாங்க, அதுக்கும் ஜீரோ. பாடியே அவ்வளவு மோசமா மடங்கிடுச்சு, ஏர்பேக் வச்சாலும் பிரயோஜனம் இல்லன்னு சொல்லி வண்டியை மார்க்கெட்ல இருந்து எடுங்கன்னு கம்பெனி தலைவருக்கே லெட்டர் போட்டாங்க. எடுக்கல.

கம்பெனிக்காரங்க சொன்ன பதில், நாங்க இந்தியச் சட்டத்துல இருக்குறதைத்தான் செய்யுறோம்னு. அது பொய் இல்ல, அதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது, ஏன்னா முன்னாடியும் பக்கவாட்டிலும் மோதிப் பார்க்குற டெஸ்ட்டே இங்க புது மாடலுக்கு 2017 அக்டோபர்லதான் கட்டாயம் ஆச்சு. டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில. பக்கத்து சீட்டுக்கு எல்லா மாடலுக்கும்னு வர 2021 முடிஞ்சுடுச்சு, அதையும் ஆகஸ்ட்ல இருந்து டிசம்பருக்குத் தள்ளி வச்சாங்க. அமெரிக்காவுல ரெண்டு பக்க ஏர்பேக்கும் 1998 மாடல் கார்லயே கட்டாயம். நடுவுல இருக்குற அந்த இருபது சொச்ச வருஷத்துல இங்க ஸ்டியரிங்ல நெஞ்சு மோதி செத்தவங்களை யாரு எண்ணினாங்க?

6 ஏர்பேக் சட்டம் என்ன ஆச்சு?
– சேலம் வாசகர்

2022 ஜனவரியில வரைவு போட்டாங்க, அக்டோபர்ல அமல்னு சொன்னாங்க, அப்புறம் 2023 அக்டோபர்னு தள்ளினாங்க, அப்புறம் கட்டாயம் இல்லன்னு கைவிட்டுட்டாங்க. 6 ஏர்பேக் இருந்து அது வேலையும் செஞ்சிருந்தா 2020ல 13,022 பேரைக் காப்பாத்தியிருக்கலாம்னு பார்லிமென்ட்ல சொன்னது இதே அரசாங்கம்தான். அந்த நம்பரை சொல்லிட்டு எப்படி கைவிட முடிஞ்சதுன்னு எனக்குப் புரியல. அதுக்குப் பதிலா காரை மோதிப் பார்த்து ஸ்டார் கொடுக்குற பாரத் என்கேப்-னு நம்ம ஊர் ரேட்டிங் வந்துச்சு, 2023 அக்டோபர்ல இருந்து, ஆனா அது கம்பெனி விருப்பப்பட்டு வந்தாத்தான். கார் வாங்குறவங்க ஷோரூம்ல மைலேஜ் கேக்குறதுக்கு முன்னாடி இந்த வேரியன்ட்டுக்கு எத்தனை ஸ்டார்னு கேளுங்க. அதே மாடல்ல டாப் எண்டுக்கு வாங்கின ஸ்டாரை பேஸ் மாடலுக்கும் சேர்த்து சொல்லி விக்கப் பாப்பாங்க.

பின் சீட்டுல பெல்ட் எல்லாம் ஊருக்குள்ள தேவையா அக்கா? அலாரம் கத்தாம இருக்க ஒரு கிளிப் விக்குதே, அதை மாட்டிக்கலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

மாட்டாதீங்கம்மா, இருந்தா இன்னைக்கே தூக்கிப் போடுங்க. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு, அதை பக்கிள்ல சொருகினா கார் பெல்ட் போட்டாச்சுன்னு நம்பி வாயை மூடிக்கும், உயிரைக் காப்பாத்த வச்ச ஒரே சத்தத்தை அடைக்கிற சாமான் அது. 2023ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதுக்கு அப்புறம் ஆன்லைன் கடைங்க எடுத்த லிஸ்டிங் மட்டும் 13,118.

2022 செப்டம்பர் 4ல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் பக்கத்துல இறந்தாரு, நல்ல விலை உயர்ந்த வண்டிதான், பின் சீட்டுல பெல்ட் போடாம இருந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க, முன்னாடி இருந்த ரெண்டு பேரும் பிழைச்சாங்க. அதுலயும் பாருங்க, மூணு லேன் ரோடு பாலம் வர்ற இடத்துல ரெண்டா குறுகுது, பாலத்துச் சுவர் ரோட்டுப் பக்கம் நீட்டிட்டு இருந்துச்சு. கேஸ் போட்டது ஓட்டினவங்க மேல மட்டும்தான். பின் சீட்டு அலாரம் புது கார்ல கட்டாயம் ஆனது 2025 ஏப்ரல்ல.

ஏர்பேக் இருந்தும் விரியல, கேட்டா மோதின வேகம் பத்தலன்னு ஷோரூம்ல சொல்றாங்க. கோர்ட்டுக்குப் போனா நிக்குமா?
– மதுரை வாசகர்

நிக்கும். 2022 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் ஹூண்டாய் கம்பெனி கேஸ்ல சொல்லியிருக்கு. 2015ல க்ரெட்டா வாங்கினவர், 2017ல டெல்லி பானிபட் ரோட்டுல விபத்து, தலை, நெஞ்சு, பல்லு எல்லாம் அடி, ஏர்பேக் விரியல. கம்பெனி இதே வேகக் கணக்கைத்தான் சொல்லுச்சு. வேகம், விசைன்னு கணக்குப் போட்டுப் பார்க்க கார் வாங்குறவர் ஃபிசிக்ஸ் நிபுணர் இல்லன்னு கோர்ட் சொல்லி, 3 லட்சம் இழப்பீடும் வேற வண்டியும் கொடுக்கச் சொன்ன உத்தரவை அப்படியே உறுதி பண்ணிடுச்சு. 2019 நுகர்வோர் சட்டத்துல பொருளால வந்த உயிரிழப்புக்கும் காயத்துக்கும் செஞ்ச கம்பெனி பொறுப்புன்னு தனி அத்தியாயமே இருக்கு. ரெண்டு வருஷத்துக்குள்ள போங்க, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம்.

வெளிநாட்டுல கார் கம்பெனிக்காரனை ஜெயில்ல போட்டிருக்காங்களா?
– ஒரு வாசகர், காரைக்குடி

நினைக்குற அளவுக்கு இல்ல. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் கார்ல சாவி போடுற ஸ்விட்ச் ஓடும்போதே தானா ஆஃப் ஆகி ஏர்பேக்கும் வேலை செய்யாம போச்சு, உள்ள இருந்தவங்களுக்கு வருஷக்கணக்கா தெரியும், ரீகால், அதாவது வித்த வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு சரி பண்றது, நடந்தது 2014ல. கம்பெனி வச்ச இழப்பீட்டு நிதியே ஒத்துக்கிட்ட சாவு 124. 90 கோடி டாலர் கட்டினாங்க, ஒரு தனி ஆள் மேல கூட கிரிமினல் கேஸ் இல்ல. ஆனா அங்க அரசாங்கம் கட்டாயமா ரீகால் பண்ண வைக்க 1966லயே சட்டம் வந்துடுச்சு. நம்ம மோட்டார் வாகனச் சட்டத்துல ரீகாலுக்குன்னு இருக்குற 110ஏ பிரிவு 2021ல தான் விதியோட அமலுக்கு வந்துச்சு, அதுவும் 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கையில ஓனருங்க புகார் கொடுத்தாத்தான் கணக்கு. அதனால பிரேக், ஏர்பேக்ல கோளாறு வந்தா சர்வீஸ் சென்டர்ல சண்டை போட்டுட்டு மட்டும் வந்துடாதீங்க, அரசாங்க போர்ட்டல்லயும் பதிவு பண்ணுங்க, உங்க ஒரு புகார்தான் அந்த எண்ணிக்கையை எட்ட வைக்கலாம்.

தனி ஆள் கேஸ் போட்டு அரசாங்கத்தை அசைக்க முடியுமா?
– கோவை வாசகி

உங்க ஊர்க்காரரே அசைச்சிருக்காரும்மா. கங்கா ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் ராஜசேகரன் தினமும் உடைஞ்சு வர்ற உடம்புகளைப் பார்த்துப் பார்த்து 2012ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு. அதுல இருந்துதான் 2014ல சாலைப் பாதுகாப்புக் கமிட்டி வந்துச்சு, மாநிலங்களைக் கூப்பிட்டு கேள்வி கேக்க ஆரம்பிச்சுது. ரோட்டுக் குழியால 2013ல இருந்து 2017 வரைக்கும் 14,926 பேர் செத்திருக்காங்கன்னு கோர்ட்டே கோபப்பட்டது இந்த கேஸ்லதான். வக்கீல் பாலு போட்ட கேஸ்ல 2016 டிசம்பர்ல ஹைவேல இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு தீர்ப்பு வந்துச்சு, அப்புறம் நகராட்சி எல்லைக்கு விலக்கு வந்து அது பாதி கரைஞ்சு போனது வேற விஷயம்.

என் வீட்டுக்காரர் ஓட்டின கார் இன்னும் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல கிடக்கு அக்கா, பசங்களை ஸ்கூல்ல விடும்போது தினமும் பாக்குறேன். இன்சூரன்ஸ்காரங்க கையெழுத்து போட்டா எடுத்துட்டுப் போயிடுறோம்கிறாங்க. போட்டுடவா?
– பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகி

பொறுங்கம்மா, இன்னும் போடாதீங்க. அதைத் தினமும் பாக்குறது எவ்வளவு கொடுமைன்னு தெரியும், ஆனா அவருக்காகப் பேச இப்போ அந்த வண்டிதான் இருக்கு. பிரேக் இன்ஸ்பெக்டர் பெரும்பாலும் பிரேக், ஸ்டியரிங், டயர், லைட் பார்த்துட்டு "இயந்திரக் கோளாறால் விபத்து நடக்கவில்லை"ன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிடுவாரு, ஏர்பேக் ஏன் விரியல, பெல்ட் ஏன் இழுத்துப் பிடிக்கலன்னு பாக்க மாட்டாரு. உங்க அண்ணனையோ தம்பியையோ கூட்டிட்டுப் போங்க, போலீஸ்கிட்ட சொல்லிட்டு பகல் வெளிச்சத்துல போட்டோ எடுக்கச் சொல்லுங்க, நாலு பக்கமும், ஸ்டியரிங், டேஷ்போர்டு, டிரைவர் சீட்டு பெல்ட்டை முழுசா இழுத்து வச்சு ஒண்ணு, கதவுப் பக்கம் ஒட்டியிருக்குற தயாரிப்பு நம்பர் ஸ்டிக்கர், மோதின இடத்துல ரோட்டையும் அகலமா. நீங்க உள்ள போக வேண்டாம், வெளிய டீக்கடையில உக்காந்துக்கோங்க. அதுக்கப்புறம் வக்கீல்கிட்ட காட்டி, வண்டியை நிபுணர் பார்க்கணும்னு மனு போடணுமான்னு கேட்டுட்டு கையெழுத்தைப் பத்தி யோசிப்போம். போட்டோவை எனக்கும் அனுப்புங்க.