ஜன்னலுக்கு வெளியே துணி, ஜன்னலுக்கு உள்ளே நாம்: சிங்கப்பூர் வாசகர்களின் கேள்விகள்

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் துணி காயப்போடும் கழி, ராக், ஜன்னல் கம்பி இதெல்லாம் பொருத்திக்கொடுப்பதுதான் என் தொழில், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சேர்ந்துபோன கேள்விகளில் எட்டை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம்தான், ஆனால் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், பொறுமையாகப் படியுங்கள்.

தோ பாயோவிலிருந்து: பழைய மூவறை வீடு. சமையலறை ஜன்னலுக்குக் கீழே, வெளிச்சுவரில் கழி செருகுவதற்கான குழாய், அதில் மூங்கில் கழி. ஈரத்துணியோடு கழியைச் செருகும்போது கை நடுங்குகிறது. போன வாரம் கையை விட்டே நழுவப் பார்த்தது. நான் செய்வதில் என்ன தப்பு அண்ணே?

உங்கள் கையில் பலம் இல்லை என்று நினைக்காதீர்கள் தங்கச்சி, கணக்கைப் பாருங்கள். கழி 3 மீட்டர், அதில் பரவலாக 5 கிலோ ஈரத்துணி. பின்கை கழியின் முனையில், முன்கை அதிலிருந்து அரை மீட்டர் தள்ளி. துணியின் எடை கழியின் நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், முன்கை தாங்குவது 5 கிலோ இல்லை, 15 கிலோ. பின்கை 10 கிலோ அளவுக்குக் கீழே அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கழியின் சொந்த எடையை நான் இதில் சேர்க்கவே இல்லை. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு, ஜன்னல் விளிம்புக்குக் கீழே இருக்கும் குழாயின் வாயைத் தேடிக் குனிகிறீர்கள், அந்தக் குனிவில்தான் விபத்து நடக்கிறது.

அதனால் முதலில் எடையைக் குறையுங்கள். ஒரு கழியில் போடுவதை இரண்டு கழியில் பிரித்துப் போடுங்கள். கழியை வீட்டுக்குள்ளேயே இரண்டு நாற்காலி முதுகின் மேல் வைத்து, துணியை மாட்டி, கிளிப் போட்டு முடித்துவிடுங்கள். வெளியே நீட்டிய பிறகு எட்டி எட்டிக் கிளிப் போடுகிற வேலையே கூடாது. ஜீன்ஸ், துண்டு மாதிரி கனமானவை உங்கள் பக்கம், ரவிக்கை, கைக்குட்டை, குழந்தைச் சட்டை தூரத்து முனையில். இந்த ஒரு மாற்றத்திலேயே கை நடுக்கம் பாதி போய்விடும். பிடிப்பதற்கும் குழாயில் செருகுவதற்குமாகச் சேர்த்து உங்கள் பக்கத்தில் முக்கால் மீட்டர் கழி வெறுமையாக இருக்கட்டும்.

அப்புறம் கயிறு. இதைத்தான் போகிற வீட்டிலெல்லாம் சொல்கிறேன். ஒரு நல்ல நைலான் கயிற்றின் ஒரு முனையை உள்பக்கக் கம்பியில் கட்டுங்கள், மறுமுனையைக் கழியில், குழாய்க்கு வெளியே நிற்கும் முதல் கணுவைத் தாண்டி, அதாவது கணுவுக்கு வெளிப்பக்கம், இறுக்கிக் கட்டுங்கள். கழி நழுவி வெளியே போகப் பார்த்தால் கணு வந்து கயிற்றில் முட்டி நின்றுவிடும். கணுவுக்கு உள்பக்கம் கட்டினால் கயிறு வழுக்கிக் கழன்றுவிடும், கட்டியும் பிரயோஜனம் இல்லை. கழியைக் காப்பாற்றத்தான் கயிறு என்று நினைக்க வேண்டாம். கழி நழுவினால் அதைப் பிடிக்க நம் உடம்பு தானாகப் பாயும், யோசிக்க நேரமே இருக்காது. கயிறு இருக்கிறது என்று மனசுக்குத் தெரிந்தால் கையை விட்டுவிட முடியும்.

செருகும்போது இரண்டு குதிகாலும் தரையில் இருக்க வேண்டும். குதிகால் எழும்பினால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். ஸ்டூல் மேல் ஏறிச் செய்கிற பேச்சே வேண்டாம்.

செங்காங்கிலிருந்து: மெத்தை விரிப்பையும் சேலையையும் கழியில் போட்டால் காற்றில் கழியே ஆடுகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான், ஏனென்றால் விரிப்பு காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று, 2 சதுர மீட்டர் அளவுக்கு விரிந்து நிற்கும் துணியை நேராக அடித்தால் ஏறக்குறைய 12 கிலோ எடை தள்ளுகிற மாதிரி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் பலம் நான்கு மடங்கு. நம் ஊரில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் விடியற்காலையிலோ காலையிலோ அடித்துவிட்டுப் போகும் சுமத்ரா காற்று அப்படிப்பட்டதுதான். இரவே துணியை வெளியே போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது அதில்தான். ராத்திரி வெளியே துணி வேண்டாம்.

சேலை ஐந்தரை மீட்டர். அதை நான்காக மடித்து, கழியின் மேல் இரு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டு, கழிக்கு அடியில் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கிளிப் போடுங்கள். காய ஒரு மணி நேரம் கூடப் பிடிக்கும், பரவாயில்லை. சட்டைக்கு நம் அம்மாக்கள் செய்ததுதான் இன்றைக்கும் சிறந்த வழி: ஒரு கையில் கழியை நுழைத்து மறு கை வழியாக எடுப்பது. எந்தக் காற்றிலும் அந்தச் சட்டை பறக்காது. ஹேங்கரோடு மாட்டினால் ஹேங்கரின் கொக்கியைக் கழியோடு சேர்த்து ஒரு கிளிப்.

மெத்தை விரிப்பையும் போர்வையையும் நான் வெளியே போடச் சொல்வதே இல்லை. வீட்டுக்குள் கதவுகளின் மேல் விரித்துப்போட்டு மின்விசிறியை வையுங்கள்.

ஹவ்காங்கிலிருந்து: என் மகனின் பள்ளிச் சட்டை கீழ்வீட்டு ஏர்கான் மேடையில் விழுந்துவிட்டது. கழியில் கொக்கி கட்டி எடுத்துவிடலாமா?

வேண்டாம். கீழே இறங்கி அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள், ஆள் இல்லை என்றால் ஒரு துண்டுச் சீட்டு எழுதிச் செருகிவிட்டு வாருங்கள். கொக்கி போட்டு எடுக்கும்போது கண் சட்டையிலேயே இருக்கும், இடுப்பு ஜன்னல் விளிம்பைத் தாண்டியது தெரியாது. ஏர்கான் மேடை ஆள் நிற்பதற்கான இடம் இல்லை, உங்கள் வீட்டு மேடையாக இருந்தாலும் அதில் கால் வைக்காதீர்கள். மகனிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தன் சட்டை தானே என்று பிள்ளை நீங்கள் இல்லாத நேரத்தில் எட்டிப் பார்ப்பான்.

பாசிர் ரிஸிலிருந்து: வீட்டுக்குப் புதிதாகப் பணிப்பெண் வந்திருக்கிறார். கிராமத்துப் பெண், இதுவரை மாடி வீட்டில் இருந்ததில்லை. துணி காயப்போடும் வேலையைக் கொடுக்கலாமா?

இதைக் கேட்டதற்கு முதலில் உங்களுக்கு நன்றி. 2012இல் இங்கே பணிப்பெண்கள் உயர மாடியிலிருந்து விழுந்து இறந்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அந்த வருடம் ஜூனில் மனிதவள அமைச்சு விதி கொண்டுவந்தது: தரைத்தளத்தில் உள்ள ஜன்னலும் பொது நடைபாதையைப் பார்த்த ஜன்னலும் தவிர, மற்ற ஜன்னல்களின் வெளிப்பக்கத்தைப் பணிப்பெண் துடைக்க வேண்டும் என்றால் கம்பி பொருத்தியிருக்க வேண்டும், துடைக்கும் நேரம் முழுக்க அது பூட்டியிருக்க வேண்டும், முதலாளியோ வீட்டுப் பெரியவர் ஒருவரோ கூட நின்று பார்க்க வேண்டும். விதி ஜன்னல் துடைப்பதைப் பற்றியதுதான், ஆனால் துணி காயப்போடும்போதும் நிற்கும் இடம் அதே ஜன்னல், விழுந்தால் விழும் உயரமும் அதேதான்.

கம்பியே இல்லாத ஜன்னல் என்றால் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கம்பி இருந்தால், கழி போகிற அளவுக்கு மட்டும் திறக்கிற மாதிரி ஒரு சிறு கதவு வைத்துத்தரச் சொல்லலாம், மீதி பூட்டியே இருக்கும். நான் பொருத்தும் கம்பிகளில் முடிந்தவரை அப்படித்தான் செய்கிறேன். முதல் இரண்டு வாரம் நீங்களே பக்கத்தில் நின்று செய்துகாட்டுங்கள், அவர் செய்வதைப் பாருங்கள். இன்னொன்றையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “துணி விழுந்தால் விழட்டும், கழி விழுந்தாலும் நான் திட்ட மாட்டேன், நீ எட்டிப் பிடிக்காதே.” திட்டு விழுமோ என்ற பயத்தில் எட்டிப் பிடிக்கிறவர்கள் உண்டு. அவர் மொழியில் சொல்ல ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது.

பிடோக்கிலிருந்து: எங்கள் துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று கீழ்வீட்டு அம்மா சண்டைக்கு வருகிறார்.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, அவர் காயப்போட்டதுதானே நனைகிறது. மெஷினில் இன்னொரு முறை பிழியும் சுற்று மட்டும் ஓட்டுங்கள். கையால் துவைத்தது என்றால் குளியலறையில் அரை மணி நேரம் சொட்ட விட்டு அப்புறம் வெளியே போடுங்கள். சொட்டுவது நின்றால் எடையும் குறையும், முதல் கேள்வியில் சொன்ன கணக்கு உங்களுக்கும் உதவும்.

ஈசூனிலிருந்து: மூங்கிலா, அலுமினியமா, எவர்சில்வரா? எங்கள் மூங்கில் பத்து வருடப் பழசு, மாற்ற வேண்டுமா?

தூரத்து முனை லேசாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், அதனால் அலுமினியம் என்பேன். எவர்சில்வர் துருப்பிடிக்காது, ஆனால் கனம். மூங்கில் நல்ல பொருள், அதை நான் குறை சொல்லவே மாட்டேன், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும். தரையில் செங்குத்தாக ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். டங்கென்று கேட்டால் சரி, மந்தமாகக் கேட்டாலோ மாவு மாதிரி தூள் கொட்டினாலோ அன்றைக்கே மாற்றிவிடுங்கள். நீளவாக்கில் விரிசல் விட்டிருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், முக்கியமாகக் குழாய்க்குள் போகிற அந்த ஒரு சாண். வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டுப் பிளப்பது அங்கேதான். பத்து வருடம் என்றால் நான் சோதிக்காமலேயே மாற்றிவிடுவேன்.

குழாயையும் பாருங்கள், துரு ஏறி வாய் கிழிந்திருந்தால் அதில் கழியே போடாதீர்கள், நகர மன்றத்தில் சொல்லுங்கள். 2007இல் தொடங்கிய இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் இந்தப் பழைய குழாய்களை எடுத்துவிட்டு ராக் வைப்பதும் ஒரு வேலை. உங்கள் புளோக்குக்கு அது எப்போது வருகிறது என்று விசாரித்துவிட்டு அப்புறம் செலவு செய்யுங்கள். வெளிச்சுவரில் நீங்களாகத் துளை போட வேண்டாம்.

பொங்கோலிலிருந்து: புது வீடு. சுவரை ஒட்டி நீளவாக்கில் கழி வைக்கிற ராக். கடைசி வரிசை எட்டவே இல்லை. ஜன்னல் கதவும் கழியில் இடித்துக்கொண்டே இருக்கிறது.

எட்டாத வரிசையை விட்டுவிடுங்கள். உண்மையாகவே சொல்கிறேன், அந்த வரிசை இல்லாமல் வாழலாம். அதில் போட்டே ஆக வேண்டும் என்றால் உள்ளாடை, கைக்குட்டை மாதிரி லேசானவை மட்டும், முதலில் அதை வைத்துவிட்டு அப்புறம் கிட்ட இருக்கும் வரிசை. எடுக்கும்போது கிட்ட இருப்பதிலிருந்து.

ஜன்னல் கதவு இடிப்பதைச் சாதாரணமாக விடாதீர்கள். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலின் முழு எடையும் சில ஆணிகளில் தொங்குகிறது. பழைய வீடுகளில் அவை அலுமினிய ரிவெட், அதைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்ற வேண்டும் என்பது 2004 அக்டோபரிலிருந்து சட்டம். பராமரிக்காமல் விட்டு ஜன்னல் விழுந்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஓர் ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். உங்களுடையது புது வீடு, ரிவெட் சரியாகத்தான் இருக்கும், ஆனால் தினமும் கழி இடித்தால் எந்த ரிவெட்டும் தளரும். வருடத்துக்கு இரண்டு முறையாவது திருகு, ரிவெட் எல்லாம் பாருங்கள்.

அங் மோ கியோவிலிருந்து: அம்மாவுக்கு 74 வயது, பத்தாம் மாடி. டிரையர் வாங்கித் தருகிறேன் என்றாலும் கேட்க மாட்டேன் என்கிறார். “வெயில் பட்ட துணிதான் துணி” என்கிறார். என்ன செய்வது?

உங்கள் அம்மா சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. வெயிலில் காய்ந்த வேட்டியின் மொடமொடப்பும் வாசமும் எந்த மெஷினிலும் வராது. அதை அவரிடமிருந்து பிடுங்காமல் வழி பார்ப்போம்.

பத்தாம் மாடி என்றால் சுமார் 25 மீட்டர். அங்கிருந்து நழுவும் கழி இரண்டேகால் நொடியில் தரைக்கு வரும், வரும்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கழி ஒன்று ஏழாம் மாடியிலிருந்து விழுந்தது. அப்போதுதான் ஒரு பாட்டி அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தார். என் அம்மா அதற்கப்புறம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இதை உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், அவருடைய ஆபத்தைப் பற்றிப் பேசினால் காதில் வாங்காதவர்கள்கூடக் கீழே நடக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசினால் நின்று கேட்பார்கள்.

இப்போது வெயில். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு மிகக் கிட்டே இருப்பதால் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போகும், மீதி மாதங்களில் தெற்குப் பக்கம். உங்கள் வீட்டில் எந்த ஜன்னல் வழியாக எந்த மாதம் வெயில் உள்ளே விழுகிறது என்று பாருங்கள். அந்த ஜன்னலுக்கு உள்ளே, கம்பியிலிருந்து ஒரு முழம் தள்ளி, கப்பியில் ஏற்றி இறக்குகிற கூரை ராக் ஒன்று போட்டுத்தாருங்கள். இடுப்பு உயரத்துக்கு இறக்கித் துணியைப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே போய்விடும். ஐந்து கிலோ துணியை மெஷின் நன்றாகப் பிழிந்த பிறகும் அதில் இரண்டரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கும், அதனால் கூரையில் திருகும்போது கான்கிரீட்டுக்கான நல்ல ஆணியாகப் போடச் சொல்லுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், ஒரு மின்விசிறி துணியைப் பார்த்து ஓடட்டும். ஈரம் சீக்கிரம் போனால் புழுங்கல் வாடை வராது.

அதுவும் வேண்டாம், கழிதான் என்று பிடிவாதம் பிடித்தால், 3 மீட்டர் கழியை எடுத்துவிட்டு ஒன்றரை மீட்டர் அலுமினியக் கழி வாங்கிக்கொடுங்கள், கயிறு கட்டுங்கள், வேட்டியும் சேலையும் நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில் மட்டும். இடி சத்தம் கேட்டால் வெளியே இருக்கும் துணியை எடுக்க ஓட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். நனைந்தால் மறுபடி பிழிந்து போட்டுக்கொள்ளலாம். கூரை ராக்கின் கப்பிக் கயிற்றை மட்டும் அம்மாவையே ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள், சில ராக்குகளில் அது ரொம்ப இறுக்கமாக இருக்கும்.